இன்சுலின் ஊசியா, பம்பா? மதுரைப் பக்கத்துக் குடும்பங்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

உடம்போடு ஒட்டியிருந்து நாள் முழுவதும் இன்சுலினைத் துளித்துளியாகத் தரும் கருவிதான் பம்ப். அதை வாங்கலாமா என்று யோசிக்கிற வீடுகளில் பேச்சு விலையில் ஆரம்பித்து விலையிலேயே முடிந்துவிடுகிறது. "அவ்வளவு காசு போட்டால் சுகர் கட்டுக்குள் வந்துவிடுமா?" வரலாம், வராமலும் போகலாம். இப்போது போடுகிற ஊசியில் எந்த இடத்தில் கோளாறு என்று தெரியாமல் இதற்குப் பதில் சொல்லவே முடியாது. அதனால் இந்த வழிகாட்டி ஊசியிலிருந்து தொடங்குகிறது. வரிசையாகப் போங்கள். நடுவில் எங்காவது "நமக்கு இதுவே போதும்" என்று தெரிந்துவிட்டால் அங்கேயே நின்றுவிடலாம். அதில் ஒரு குறையும் இல்லை.

எங்கள் மகளுக்கு டைப் 1 சர்க்கரை நோய். ஊசியிலும் இருந்திருக்கிறாள், இப்போது பம்பில் இருக்கிறாள். இரண்டையும் வீட்டில் பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். கீழே வரும் எண்கள் டாக்டரிடம் போய்ப் பேசுவதற்கு உதவத்தான். அளவையும் மருந்தையும் நீங்களாக மாற்றாதீர்கள்.

படி 1: இந்தக் கேள்வி உங்களுக்கானதா?

டைப் 1 உள்ளவர்களுக்கு உடலில் இன்சுலின் சுரப்பு ஏறக்குறைய நின்றுபோயிருக்கும். வெளியிலிருந்து போனால்தான் உண்டு. பம்ப் முதன்மையாக இவர்களுக்கானது. டைப் 2 என்றாலும் நாளுக்கு நான்கு ஊசி போட்டும் ஏறி இறங்குகிறவர்கள் யோசிக்கலாம். மாத்திரையோடு இரவில் ஒரே ஒரு ஊசி போடுகிறவருக்குப் பம்ப் தேவையில்லை. இந்தப் பக்கத்தை மூடிவிட்டுக் காசை வேறு நல்ல காரியத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

படி 2: ஊசி முறையை முதலில் நேராக்குங்கள்

நம் பக்கம் டைப் 1 பிள்ளைகளுக்குக்கூடக் காலையும் இரவும் 30/70 கலவை ஊசி போகிற வீடுகள் உண்டு. கலவையில் வேகமாக வேலை செய்யும் இன்சுலினும் மெதுவாக வேலை செய்யும் இன்சுலினும் மாற்ற முடியாத ஒரு விகிதத்தில் கட்டுண்டு கிடக்கின்றன. சாப்பாடு தாமதமானால் சுகர் இறங்கும், கூடுதலாகச் சாப்பிட்டால் ஏறும். ஊசிக்குத் தகுந்தபடி பிள்ளை சாப்பிட வேண்டியிருக்கிறது. இதிலிருந்து நேராகப் பம்புக்குத் தாவ நினைக்கிறவர்கள் நடுவில் ஒரு முக்கியமான படியை விட்டுவிடுகிறார்கள்.

அந்தப் படிக்குப் பேசல்-போலஸ் முறை என்று பெயர். நாள் முழுவதற்கும் அடித்தளமாக ஒரு நீண்ட நேர இன்சுலின்: கிளார்ஜின் (லான்டஸ், பேசலாக்) அல்லது டெக்ளூடெக் (டிரெசிபா). ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் முன்னால் ஒரு வேக இன்சுலின்: அஸ்பார்ட் (நோவோராபிட்) அல்லது லிஸ்ப்ரோ (ஹூமலாக்). ஆக்ட்ராபிட் போன்ற ரெகுலர் இன்சுலின் என்றால் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால் போட வேண்டும்; வேக இன்சுலினுக்குப் பொதுவாகப் பத்துப் பதினைந்து நிமிடம் போதும். தட்டை வைத்துக்கொண்டு ஊசி போட்டுவிட்டு அடுத்த நொடி சாப்பிட்டால், சோறு முந்திக்கொள்ளும், இன்சுலின் பின்னால் ஓடும்.

அப்புறம் போடும் இடம். சட்டையைத் தூக்கி வயிறு, தொடை இரண்டையும் விரலால் தடவிப் பாருங்கள். ஒரே இடத்தில் போட்டுப்போட்டு மெத்தென்றோ கெட்டியாகவோ கட்டி எழும்பியிருந்தால், அங்கே போகும் இன்சுலின் ஒரு நாள் சீக்கிரமும் ஒரு நாள் தாமதமாகவும் ரத்தத்தில் கலக்கும். "காரணமே இல்லாமல் ஏறி இறங்குது" என்று சொல்கிற பலருக்குக் காரணம் இந்தக் கட்டிதான். அந்த இடத்துக்கு ஓய்வு கொடுத்துவிட்டு நல்ல தோலுக்கு மாறும்போது அதே யூனிட் அதிகமாக வேலை செய்து சுகர் சட்டென்று இறங்கலாம். அதனால் மாறுவதற்கு முன் டாக்டரிடம் சொல்லுங்கள். பேனா ஊசிக்கு 4 மி.மீ. முனை பெரும்பாலும் எல்லோருக்கும் போதும். போடுவதற்கு முன் 2 யூனிட்டைக் காற்றில் விட்டுப் பார்ப்பது, போட்ட பிறகு பத்து எண்ணும் வரை எடுக்காமல் இருப்பது, முனையைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தாமல் இருப்பது: இந்த மூன்றும் சின்ன விஷயமாகத் தெரியும், ஆனால் சுகர் கணக்கை மாற்றும்.

இங்கே ஓர் எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல வேண்டும். நம் நாட்டில் இன்சுலின் இரண்டு செறிவில் வருகிறது. அரசு மருத்துவமனையிலும் பல மருந்துக்கடைகளிலும் கிடைக்கும் பாட்டிலில் பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட். அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு. பேனாவில் போடும் கார்ட்ரிட்ஜில் மில்லிக்கு 100 யூனிட். 100 யூனிட் பாட்டிலுக்கு ஆரஞ்சு மூடி சிரிஞ்சு. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் எடுத்தால் இரண்டரை மடங்கு உள்ளே போய்விடும். உயிருக்கே ஆபத்து. பம்பில் நிரப்புவது 100 யூனிட் வேக இன்சுலின் மட்டுமே. வீட்டில் இரண்டு வகையும் இருந்தால் தனித்தனி டப்பாவில் வையுங்கள், பாட்டிலைப் படிக்கத் தெரிந்த ஒருவராவது ஒவ்வொரு முறையும் பார்க்கட்டும்.

திறக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டும். ஃபிரீசருக்குப் பக்கத்தில் வைத்து உறைந்துவிட்டால், உருகிய பிறகும் அது பயன்படாது. பயன்பாட்டில் உள்ளது பெரும்பாலான வகைகளில் 30 டிகிரிக்குக் கீழே சுமார் 28 நாள் தாங்கும். ஆனால் சித்திரை, வைகாசியில் மதுரையில் 40 டிகிரியைத் தொடுகிற நாள்கள் சாதாரணம். பிரிட்ஜ் இல்லாத வீட்டில், ஈரமான மண்பானைக்குள் தண்ணீர் புகாத டப்பாவில் வைப்பது நல்ல வழி. பானை கசிந்து ஈரம் காயும்போது உள்ளே வெப்பம் இறங்குகிறது. காற்றோட்டமான நிழலில் பானை இருக்கணும், அவ்வளவுதான்.

படி 3: இரண்டு வாரம் எழுதுங்கள்

காலை வெறும் வயிறு, ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் முன், இரண்டு மணி நேரம் கழித்து, படுக்கும் முன், ஓரிரு இரவில் மூன்று மணிக்கு: இந்த நேரங்களில் சுகரைப் பார்த்து எழுதுங்கள். கையில் ஒட்டிக்கொண்டு சுகரைத் தொடர்ந்து காட்டும் சென்சார் வாங்க முடிந்தால் இன்னும் தெளிவு. ஃப்ரீஸ்டைல் லிப்ரே என்ற சென்சார் ஒன்று 14 நாள் ஓடும். பொதுவான இலக்கு, நாளில் 70 சதவீதத்துக்கு மேல் நேரம் 70க்கும் 180க்கும் நடுவில் இருப்பது; 70க்குக் கீழே 4 சதவீதத்துக்குள், அதாவது நாளுக்கு ஒரு மணி நேரத்துக்குள்.

எழுதியதைப் பார்த்தால் கோளாறு எங்கே என்று பிடிபடும். விடிகாலை மூன்று, நான்கு மணியிலிருந்து சாப்பிடாமலே ஏறிக்கொண்டு போகிறதா? அந்த நேரத்தில் மட்டும் கூடுதலாக அடித்தள இன்சுலின் தர ஊசியால் முடியாது, பம்பால் முடியும். தூக்கத்தில் இறங்கி வியர்த்துக்கொட்டுகிறதா, அதுவும் பிள்ளைக்குத் தெரியாமலே இறங்குகிறதா? சென்சாரோடு இணைந்த பம்ப், இறங்கப்போவதை முன்கூட்டிக் கணித்து இன்சுலினை நிறுத்தும். என் கண்ணுக்குப் பம்பின் மிகப் பெரிய கொடை இதுதான். சின்னக் குழந்தைக்கு ஒரு யூனிட் அதிகம், அரை யூனிட்டும் சரிப்படவில்லை என்றால், பம்ப் 0.025 யூனிட் அளவுக்குக்கூடப் பிரித்துத் தரும்.

ஆனால் சாப்பிட்ட பிறகு மட்டும் ஏறுகிறது, மற்ற நேரம் நன்றாக இருக்கிறது என்றால் கோளாறு நேரத்திலோ கணக்கிலோ இருக்கிறது. ஊசியை மறப்பதுதான் பிரச்சினை என்றால், பம்பிலும் சாப்பாட்டுக்கு முன் பொத்தானை அமுக்க மறக்கத்தான் செய்வார்கள். இந்த இரண்டுக்கும் பம்ப் மருந்தில்லை.

படி 4: சோற்றை எடைபோடக் கற்றுக்கொள்ளுங்கள்

ஊசியோ பம்போ, டைப் 1 வீட்டில் ஒரு சமையலறைத் தராசு வேண்டும். வெந்த வெள்ளைச் சோறு 100 கிராமில் சுமார் 28 கிராம் மாவுச்சத்து. வீட்டு இட்லியும் சிம்மக்கல் ஓட்டல் இட்லியும் ஒரே எடை இல்லை. ஒரு தடவை நிறுத்துப் பார்த்தால் பிறகு கண்ணே சொல்லிவிடும்.

தோராயக் கணக்கு இப்படி: நாளின் மொத்த யூனிட்டால் 500ஐ வகுங்கள். நாளுக்கு 50 யூனிட் என்றால் 10 வரும். ஒரு யூனிட் 10 கிராம் மாவுச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். 200 கிராம் சோற்றில் 56 கிராம், ஆக ஐந்தரை யூனிட் அளவு. இதே போல 1800ஐ 50 ஆல் வகுத்தால் 36. ஒரு யூனிட் சுகரைச் சுமார் 36 இறக்கும். இவை தொடக்க எண்கள். ஆளுக்கு ஆள், வேளைக்கு வேளை டாக்டர் திருத்துவார்.

இரவு பரோட்டா, சால்னா பற்றிக் கேட்காத மதுரைக்காரர் இல்லை. கொழுப்பு செரிமானத்தைத் தாமதப்படுத்தும். சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் நல்ல எண்ணைக் காட்டிவிட்டு நள்ளிரவில் ஏறும். பம்பில் ஒரு பங்கை இப்போதும் மீதியை அடுத்த சில மணி நேரத்துக்குப் பரப்பியும் கொடுக்கும் வசதி உண்டு. ஆனால் மெட்ரானிக் மினிமெட் 780ஜி போன்ற தானியங்கிப் பம்பில், தானியங்கி முறை ஓடும்போது அப்படிப் பரப்ப முடியாது. பின்னால் வரும் ஏற்றத்தை அதுவே திருத்தப் பார்க்கும். ஜிகர்தண்டா இதற்கு நேர் எதிர், குடித்ததும் ஏறும். ஊசி முன்னாலேயே போயிருக்க வேண்டும்.

இந்தக் கணக்கில் ஒரு மாதம் தடுமாறாமல் ஓடுகிற குடும்பத்துக்குப் பம்ப் உதவும். கணக்கே வேண்டாம் என்று பம்ப் தேடினால் ஏமாற்றம்தான்.

படி 5: பம்ப் என்ன செய்யும், என்ன செய்யாது

பம்ப் இடுப்பில் அல்லது சட்டைப் பையில் இருக்கும் சிறு கருவி. அதிலிருந்து மெல்லிய குழாய் வந்து, தோலுக்கடியில் செருகிய நுண்குழலில் முடியும். நாள் முழுவதும் வேக இன்சுலினைத் துளித்துளியாகத் தரும். சாப்பாட்டு அளவை நீங்கள் கேட்டால் தரும். குழாய்த் தொகுப்பைப் பொதுவாக மூன்று நாளைக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். நாளுக்கு நான்கு ஊசி என்றால் மாதம் 120 குத்து. பம்பில் பத்துக் குத்து. ஆனால் அந்தப் பத்தும் பேனா முனையைவிடப் பெரிய ஊசி, சென்சார் குத்துவது தனி.

780ஜி ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை சென்சார் எண்ணைப் பார்த்து அளவைக் கூட்டிக் குறைக்கும். என்ன சாப்பிடுகிறோம் என்று அப்போதும் நாம்தான் சொல்ல வேண்டும்.

ஒரு பழைய ஆய்வை இங்கே நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவிலும் கனடாவிலும் டைப் 1 உள்ள 1,441 பேரை வைத்து நடந்த டிசிசிடி ஆய்வு 1993ல் வெளிவந்தது. சுகரை இறுக்கமாக வைத்திருந்தவர்களுக்குக் கண் விழித்திரைப் பாதிப்பு புதிதாக வருவது 76 சதவீதம் குறைந்தது. அந்த இறுக்கமான குழுவில் பம்ப் வைத்தவர்களும் இருந்தார்கள், நாளுக்கு மூன்று அல்லது அதற்கு மேல் ஊசி போட்டவர்களும் இருந்தார்கள். கண்ணைக் காத்தது சுகர் அளவு. பம்ப் வாங்க முடியவில்லையே என்று மனம் நோகும் பெற்றோர் இதைத் திரும்ப ஒரு முறை படியுங்கள்.

படி 6: இரவு இரண்டு மணிக்குக் குழாய் அடைத்தால்?

முடிவெடுப்பதற்கு முன் வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து இதைப் பேசணும். பம்பில் நீண்ட நேர இன்சுலின் கிடையாது. நுண்குழல் மடங்கினாலோ, குழாயில் காற்றுக்குமிழி வந்தாலோ, தூக்கத்தில் பிய்ந்தாலோ, உடலில் கையிருப்பே இல்லை. சில மணி நேரத்தில் ரத்தத்தில் கீட்டோன் என்ற அமிலம் சேரத் தொடங்கும். விடிவதற்குள் வாந்தியும் மூச்சிரைப்பும் வந்துவிடலாம். ஊசி போடுகிறவருக்கு ஒரு வேளை தவறினாலும் அடியில் கிளார்ஜின் தாங்கிக்கொண்டிருக்கும்.

அதனால் விதி இதுதான். காரணமில்லாமல் 250க்கு மேல் இருந்து, பம்பில் திருத்தம் (சுகரை இறக்கக் கூடுதல் இன்சுலின்) கொடுத்து ஒன்று இரண்டு மணி நேரத்தில் இறங்கவில்லை என்றால், பம்பை நம்பாதீர்கள். கீட்டோன் பாருங்கள். திருத்த அளவைப் பேனா ஊசியால் போடுங்கள். குழாய்த் தொகுப்பைப் புதிதாக மாற்றுங்கள். தண்ணீர் குடிக்க வையுங்கள். வாந்தி, வயிற்றுவலி, வேகமான மூச்சு, மயக்கம் இருந்தால் வீட்டில் காத்திருக்கக் கூடாது; 108ஐ அழைத்து அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். கோரிப்பாளையம் பக்கம் அரசு ராஜாஜி மருத்துவமனை இருக்கிறது. உசிலம்பட்டி, மேலூர், வாடிப்பட்டிப் பக்கம் இருப்பவர்கள், இரவில் மிக அருகே எங்கே போகலாம் என்று பகலிலேயே விசாரித்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இதைச் செய்ய வீட்டில் குறைந்தது இரண்டு பேருக்குத் தெரியணும். அம்மாவுக்கு மட்டும் தெரிந்தால் போதாது. அம்மாவுக்கும் ஒரு நாள் காய்ச்சல் வரும்.

படி 7: மாதக் கணக்கு

பம்பின் விலை லட்சங்களில். அதைவிட முக்கியம் மாதச் செலவு. பட்டியலைக் கம்பெனி ஆளிடம் எழுத்தில் வாங்குங்கள்: குழாய்த் தொகுப்பு மாதம் 10, இன்சுலின் நிரப்பும் ரிசர்வாயர் 10, ஏழு நாள் சென்சார் என்றால் நான்கு அல்லது ஐந்து, குளுக்கோமீட்டர் பட்டை, கீட்டோன் பட்டை, இன்சுலின் பாட்டில், மாற்றுக்குப் பேனா ஊசி. எல்லாவற்றையும் கூட்டி 12 ஆல் பெருக்குங்கள். உத்தரவாதம் எத்தனை ஆண்டு, அது முடிந்த மறுநாள் கருவி நின்றால் என்ன, மாற்றுக் கருவி மதுரைக்கு வந்து சேர எவ்வளவு நேரம், ஞாயிற்றுக்கிழமை போனை எடுப்பார்களா என்றெல்லாம் கேளுங்கள். காப்பீடு இருந்தால் கருவிக்கும் மாதப் பொருளுக்கும் தனித்தனியாகப் பதில் வாங்குங்கள்.

என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். நகையை அடகு வைத்துப் பம்பை வாங்கிவிடலாம், ஆனால் மாதப் பொருளுக்கு மாதாமாதம் கடன் வாங்க முடியாது. இரண்டு ஆண்டுக்குக் கடனில்லாமல் தாங்காது என்று கணக்குச் சொன்னால் வாங்காதீர்கள். மூன்று நாள் குழாயை ஆறு நாள் இழுப்பது ஆபத்து. தோல் சீழ் பிடிக்கும், இன்சுலின் சரியாக இறங்காது. அதே பணத்தில் ஒரு சிறு பங்கு இருந்தால் நல்ல பேசல்-போலஸ் ஊசி, போதுமான பட்டைகள், முடிந்த மாதங்களில் சென்சார் என்று பிள்ளையை நன்றாகப் பார்த்துக்கொள்ளலாம். அரசு மருத்துவமனையில் இன்சுலின் இலவசமாகக் கிடைக்கும். 2021ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை நோய்க்கான மருந்து வீட்டுக்கே வருகிறது. அங்கே வாங்குவதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

படி 8: நம் ஊர் வெயில், கூட்டம், கோயில்

பம்புக்குள் இருக்கும் வேக இன்சுலின் 37 டிகிரிக்கு மேல் போகக் கூடாது. உச்சி வெயிலில் பைக்கில் திருமங்கலம் வரை போகும்போது பம்பைச் சட்டைக்கு வெளியே தொங்கவிடாதீர்கள். கோடையில் காரணமில்லாமல் ஏறினால், குழாயோடு ரிசர்வாயரில் உள்ள மருந்தையும் மாற்றிப் பாருங்கள். வியர்வையில் ஒட்டுப் பட்டை கழன்றுவிடும். மேலே ஒட்டத் தனிப் பட்டை வைத்திருங்கள்.

கள்ளழகர் ஆற்றில் இறங்கும் நாளில் தண்ணீர் பீய்ச்சுவார்கள், கூட்டம் நெருக்கும். 780ஜி புதிதாக இருக்கும்போது தண்ணீரைத் தாங்கும், ஆனால் கீழே விழுந்து கீறிய கருவிக்கு அந்த உறுதி இல்லை. தண்ணீரைவிடக் கூட்டத்தில் குழாய் இழுபடுவதுதான் கவலை. உள்சட்டைப் பையில் குழாயைச் சுருட்டி வையுங்கள்.

மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் கைபேசி கொண்டுபோக முடியாது. சென்சார் எண்ணைக் கைபேசியில் மட்டும் பார்க்கிறவர்கள் குளுக்கோமீட்டரைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். பம்ப் அணிந்தவர்கள், இது மருத்துவக் கருவி, கழற்ற முடியாது என்று தமிழில் எழுதி டாக்டர் கையெழுத்திட்ட கடிதத்தோடு போனால் வாசலில் பேச்சு சுருக்கமாக முடியும். விமான நிலையத்தில் பம்பை எக்ஸ்ரே பெட்டிக்குள் அனுப்பாதீர்கள். எம்ஆர்ஐ, சிடி எடுக்கும்போது கழற்றி அறைக்கு வெளியே வையுங்கள்.

மின்வெட்டு பெரிய தொல்லை இல்லை. 780ஜி ஒரே ஒரு ஏஏ பேட்டரியில் ஓடும்; சென்சார் எண்ணைப் பம்புக்கு அனுப்பும் டிரான்ஸ்மிட்டரைத்தான் சார்ஜ் போட வேண்டும்.

படி 9: அணியப்போகிறவரைக் கேளுங்கள்

பெரியவர்கள் எல்லாம் பேசி முடித்துவிட்டுப் பிள்ளையிடம் கடைசியில் சொல்வது நம் வழக்கம். இரவும் பகலும் கருவி ஒட்டிக்கொண்டிருக்கப்போவது அவர்கள் உடம்பில்தான். சில பிள்ளைகளுக்கு இடுப்பில் எந்தப் பொருளும் இருப்பது பிடிக்காது, சிலருக்குப் பள்ளியில் எல்லோர் முன்னாலும் ஊசி போடுவது பிடிக்காது. இரண்டும் நியாயம்.

பெண் பிள்ளை என்றால், "வெளியே தெரியுமே, நாளைக்குக் கல்யாணப் பேச்சு வந்தால்?" என்று பாட்டி கேட்பார். அவர் பயம் அன்பில் வருவது. ஆனால் மறைக்கத் தோதாக இருக்கிறது என்பதற்காக எந்த முறையையும் தேர்ந்தெடுக்காதீர்கள். மறைத்துப் போடும் ஊசிதான் தாமதமாகும், தவறும். கணவராகப் போகிறவருக்குச் சுகர் இறங்கினால் என்ன செய்வதென்று தெரிந்திருப்பது அந்தப் பெண்ணின் உயிருக்குப் பாதுகாப்பு.

பள்ளியில் வகுப்பு ஆசிரியரிடம் ஒரே தாளில் எழுதிக் கொடுங்கள்: 70க்குக் கீழே போனால் மூன்று டீஸ்பூன் சீனி கரைத்துக் கொடுங்கள், 15 நிமிடம் கழித்துப் பாருங்கள், இன்னும் குறைவென்றால் திரும்பக் கொடுங்கள், மயங்கிவிட்டால் வாயில் எதுவும் ஊற்றாமல் 108ஐ அழையுங்கள்.

படி 10: மாறுவதற்கு முன்னும் பின்னும்

முதலில் கண்ணைச் சோதியுங்கள். பல ஆண்டாக ஏறியே இருந்த சுகர் சட்டென்று இறங்கும்போது, ஏற்கெனவே பாதிப்புள்ள விழித்திரை கொஞ்ச காலத்துக்கு மோசமாகலாம். 1976ல் 11 படுக்கையோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை நம் ஊரிலேயே இருக்கும்போது இதைத் தள்ளிப்போடக் காரணமில்லை.

டாக்டரிடம் நேராகக் கேளுங்கள்: நீங்கள் எத்தனை பேருக்குப் பம்ப் தொடங்கியிருக்கிறீர்கள்? அவர்களில் எத்தனை பேர் இன்னும் வைத்திருக்கிறார்கள்? முதல் வாரம் இரவில் யாரை அழைப்பது? வாங்குவதற்கு முன் சில நாள் அணிந்து பார்க்க முடியுமா? நல்ல டாக்டர் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார்.

தொடங்கும்போது மொத்த அளவை டாக்டர் பொதுவாகக் கொஞ்சம் குறைப்பார், ஏனென்றால் பம்பில் அதே வேலைக்குக் குறைவான இன்சுலின் போதும். கடைசிக் கிளார்ஜின் எப்போது போட்டீர்கள் என்பதை மணியோடு சொல்லுங்கள். முதல் வாரத்தைத் தேர்வு, திருவிழா, பயணம் இல்லாத நாள்களில் வையுங்கள். பையில் எப்போதும் ஒரு பேனா, முனைகள், ஒரு குழாய்த் தொகுப்பு, பேட்டரி, மீட்டர், சீனி இருக்கட்டும்.

பம்ப் பழுதானாலோ, பிள்ளைக்கு அலுத்துவிட்டாலோ ஊசிக்குத் திரும்பலாம். அன்றைக்கு நீண்ட நேர இன்சுலின் எத்தனை யூனிட், ஒவ்வொரு வேளைக்கும் எத்தனை என்பதை டாக்டரிடம் எழுதி வாங்கிப் பிரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். பம்பில் அளவு மாறும் ஒவ்வொரு முறையும் அந்தத் தாளையும் மாற்றி எழுதி வாங்குங்கள்.